மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் நினைவு போய்விடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுநோய்களும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயும் மூளைக்கு அதிகம் பரவக்கூடியவை. பரவிவிட்டது என்று தெரிந்ததும் டாக்டர் ரேடியேஷன் பற்றிப் பேச ஆரம்பிப்பார். உயிர் பிழைப்பாரா என்று எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். ஆள் பழையபடி இருப்பாரா என்று கேட்கத்தான் வாய் வருவதில்லை. கேட்கத் தயங்கும் அந்தக் கேள்விக்கான பதில்கள் இங்கே. மூளையிலேயே தோன்றும் கட்டிகளும் குழந்தைகளுக்கான சிகிச்சையும் வேறு கதை, அவற்றைத் தொடவில்லை.

கதிர்வீச்சு கொடுத்தால் நினைவெல்லாம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

"எல்லாம்" என்பது மிகை. பெரும்பாலும் அடி வாங்குவது புதிதாக ஒன்றை மனத்தில் பதியவைக்கும் திறன்தான். பேரனின் பெயர் மறக்காது, காலையில் யார் போன் செய்தார்கள் என்பது மறந்துபோகும். கல்யாணம் நடந்த வருஷம் சொல்வார், மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் விழிப்பார். இதோடு வேறு சிலவும் சேரும்: யோசனை மெதுவாகும், சொல் நாக்கு நுனியில் நிற்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலை சுற்றும்.

எவ்வளவு பாதிக்கும் என்பது எந்த வகைக் கதிர்வீச்சு, எவ்வளவு, மூளையில் எந்த இடத்துக்கு என்பதைப் பொறுத்தது. அதனால் "ரேடியேஷன் நல்லதா கெட்டதா" என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. "எந்த ரேடியேஷன்?" என்றுதான் தொடங்க வேண்டும்.

அப்படி எத்தனை வகை இருக்கிறது?

இந்த விஷயத்துக்கு இரண்டு தெரிந்தால் போதும்.

ஒன்று, முழு மூளைக் கதிர்வீச்சு. ஸ்கேனில் தெரியும் கட்டிகள், கண்ணுக்குத் தெரியாத விதைகள், நல்ல மூளை என எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி விழும். வழக்கமான அளவு 10 தடவையாக 30 கிரே, அதாவது இரண்டு வாரம். சிலருக்கு 5 தடவையில் 20 கிரே. (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.) முடி கொட்டும்.

மற்றது, கட்டியை மட்டும் குறிவைக்கும் ரேடியோசர்ஜரி. பேரில் சர்ஜரி இருந்தாலும் கத்தி கிடையாது. ஸ்வீடனைச் சேர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951-இல் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். அவருடைய முதல் காமா நைஃப் கருவி 1968-இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரு புள்ளியில் சந்திக்கும். அங்கே மட்டும் அளவு உச்சத்தில் இருக்கும், சில மில்லிமீட்டர் தள்ளினால் சடாரென்று இறங்கிவிடும். கட்டியின் பருமனுக்கு ஏற்ப ஒரே தடவையில் 15 முதல் 24 கிரே வரை கொடுப்பார்கள். கட்டி பெரிதாக இருந்தால் மூன்று முதல் ஐந்து தடவையாகப் பிரிப்பதும் உண்டு. இப்போது வழக்கமான கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பயன்படும் லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரங்களிலும் இதைச் செய்கிறார்கள், எனவே காமா நைஃப்தான் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை.

இரண்டுக்கும் நினைவாற்றலில் அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம், ஒரு தடவை இல்லை, பல தடவை சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

2009-இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பங்கேற்றவர்கள் 58 பேர்தான். பாதிப் பேருக்கு ரேடியோசர்ஜரி மட்டும், மீதிப் பேருக்கு அதோடு முழு மூளைக் கதிர்வீச்சும். நான்கு மாதத்தில் சொற்களை நினைவில் வைக்கும் திறன் சரிவதற்கான வாய்ப்பு முதல் குழுவில் 24 சதவீதம், இரண்டாவதில் 52 சதவீதம் என்று தெரிந்ததும், மேற்கொண்டு ஆள் சேர்க்காமல் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள்.

2016-இல் அதைவிடப் பெரிய ஆய்வு, ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ள 213 பேரிடம். மூன்று மாதத்தில் அறிவுத்திறன் சரிந்தவர்கள் ரேடியோசர்ஜரி மட்டும் பெற்றவர்களில் 63.5 சதவீதம், முழு மூளைக் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 91.7 சதவீதம். ஆயுட்காலத்தில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கட்டியை அறுவை செய்து எடுத்தபின் அந்தக் குழிக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தால் போதுமா என்று 194 பேரிடம் பார்த்த இன்னொரு ஆய்வு 2017-இல் வந்தது. ஆறு மாதத்தில் அறிவுத்திறன் சரிந்தவர்கள் குழிக்கு மட்டும் பெற்றவர்களில் 52 சதவீதம், முழு மூளைக்கும் பெற்றவர்களில் 85 சதவீதம்; அதே கதைதான்.

இந்த எண்களைப் பார்த்து மிரண்டுபோக வேண்டாம். 2016 ஆய்வில், பல தேர்வுகளில் ஏதாவது ஒன்றில் மதிப்பெண் ஓரளவு குறைந்தாலே "சரிவு" என்று கணக்கு வைத்தார்கள். 91.7 சதவீதம் பேர் ஆளே மாறிப்போனார்கள் என்று அர்த்தமில்லை. என் கண்ணில் அதிகம் உறுத்தியது மற்ற எண்தான். முழு மூளைக் கதிர்வீச்சே பெறாதவர்களிலும் 63.5 சதவீதம் பேருக்குச் சரிவு இருந்திருக்கிறது. அப்படியானால் பழி முழுக்க இயந்திரத்தின் மேல் இல்லை.

அப்போ முழு மூளைக் கதிர்வீச்சு எதற்கு? எல்லோருக்கும் ரேடியோசர்ஜரி கொடுத்துவிடலாமே?

முழு மூளைக் கதிர்வீச்சு ஒரு வேலையை நன்றாகவே செய்கிறது: புதுக் கட்டிகள் முளைப்பதைத் தடுக்கிறது. மேலே சொன்ன 213 பேர் ஆய்வில், ஒரு வருடம் கழித்து மூளையில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் அதைப் பெற்ற குழுவில் 84.9 சதவீதம், பெறாத குழுவில் 50.5 சதவீதம். அதாவது ரேடியோசர்ஜரி மட்டும் எடுத்துக்கொண்டால் வேறு இடத்தில் இன்னொரு கட்டி வர நிறையவே வாய்ப்பு உண்டு. வந்தால் அதற்கும் மறுபடி குறிவைத்துக் கொடுக்கலாம், ஆனால் வந்தது சீக்கிரம் தெரிய வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ எடுக்க முடியாதவர்களுக்கு இந்த வழி பாதுகாப்பானது இல்லை. முடிவெடுக்கும்போது பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கட்டிகள் எண்ண முடியாத அளவுக்குச் சிதறிக் கிடந்தாலோ, மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் நோய் பரவியிருந்தாலோ குறிவைக்கவே வழியில்லை.

எத்தனை கட்டி வரைக்கும் ரேடியோசர்ஜரி செய்யலாம்?

முன்பு மூன்று, நான்கு என்று கோடு போட்டிருந்தார்கள். ஜப்பானில் 1,194 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 10 கட்டிகள் உள்ளவர்கள் 2 முதல் 4 கட்டிகள் உள்ளவர்களைவிட ஆயுளில் பின்தங்கவில்லை. எண்ணிக்கையைவிட எல்லாக் கட்டிகளின் மொத்தப் பருமன்தான் முக்கியம் என்ற பார்வை இப்போது வலுத்திருக்கிறது. "ஐந்து கட்டி இருக்கிறது, அதனால் முடியாது" என்று மட்டும் யாராவது சொன்னால் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தப்பில்லை.

சிகிச்சை தொடங்கும் முன்பே அம்மாவுக்கு மறதி இருந்ததே, அது ஏன்?

கட்டியே காரணமாக இருக்கலாம். மூளைக்குப் புற்றுநோய் பரவிய 401 பேருக்குக் கதிர்வீச்சுக்கு முன்பே தேர்வுகள் வைத்துப் பார்த்தபோது, 10-இல் 9 பேருக்கு ஏதாவது ஒரு திறனிலாவது குறை இருந்தது. கட்டிகளின் எண்ணிக்கையைவிட மொத்தப் பருமனோடுதான் அந்தக் குறை ஒத்துப்போனது. கட்டியைச் சுற்றி நீர் கோத்து மூளை வீங்குவதும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் மருந்துகள். வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், சிலரைச் சிடுசிடுவென ஆக்கும். வலிப்புக்கான லெவெடிராசெட்டம் சிலருக்குக் கோபத்தைக் கிளறும். மார்ஃபின் வகை வலி மருந்துகள் மந்தமாக்கும். கீமோ, ரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு என்று பட்டியல் நீளும். இவற்றில் பாதிக்கு மேல் சரிசெய்யக்கூடியவை. "ரேடியேஷன் கொடுத்தால் இப்படித்தான்" என்று விட்டுவிட்டால், ஒரு தைராய்டு மாத்திரையில் தீரக்கூடியதும் தீராமலே போகும்.

இதனால்தான் சிகிச்சைக்கு முன்பே ஒரு நினைவாற்றல் தேர்வு எடுத்து வைப்பது நல்லது. முன்பு எப்படி இருந்தார் என்ற பதிவு இல்லாமல் பின்பு குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கட்டி வளர்வதே அறிவுத்திறனைத் தின்னும். கதிர்வீச்சில் கட்டி நன்றாகச் சுருங்கியவர்களுக்குச் சில திறன்கள் முன்பைவிடத் தேறியதும் உண்டு. கட்டி எடுத்துக்கொள்வது எவ்வளவு, சிகிச்சை எடுத்துக்கொள்வது எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

12 சொற்களைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். 20, 25 நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். காகிதத்தில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் முடிந்தவரை சொல்ல வேண்டும். "இன்று என்ன கிழமை?" மாதிரி எளிய கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பினால் நம்ப வேண்டாம்; அந்தச் சல்லடையின் ஓட்டைகள் பெரியவை. நோயாளிக்கு நன்றாக வரும் மொழியில் தேர்வு நடக்க வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

ஹிப்போகாம்பஸைக் காப்பாற்றும் கதிர்வீச்சு என்று ஒன்று சொன்னார்கள். அது என்ன?

மூளையின் இரு பக்கமும் உள்ளே மடிந்து கிடக்கும் சின்னப் பகுதி அது. பார்க்கக் கடற்குதிரை மாதிரி இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பேர் வைத்தார்கள். இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. இதற்குள் இருக்கும், புதிய நரம்புச் செல்களை உருவாக்கும் தண்டுச் செல்கள் குறைந்த கதிர்வீச்சையும் தாங்குவதில்லை. செல்கள் அழிவது ஒரு பக்கம், அங்கே ஏற்படும் அழற்சி புதிய செல்கள் உருவாவதைத் தடுப்பது இன்னொரு பக்கம்.

சரி, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குக் கொடுக்கலாமே என்று வந்ததுதான் இந்த முறை. எம்.ஆர்.ஐயில் ஹிப்போகாம்பஸை வரைந்து, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் வேலி போட்டு, அதன் எந்தப் புள்ளிக்கும் 16 கிரேக்கு மேல் போகாதபடி கணினியில் திட்டமிடுகிறார்கள். மூளையின் மற்ற பகுதிகளுக்கு அதே 30 கிரே.

2014-இல் வந்த இரண்டாம் கட்ட ஆய்வில் நான்கு மாதத்தில் நினைவுச் சரிவு சராசரியாக 7 சதவீதம்தான்; பழைய முறையில் அது 30 சதவீதம் என்று முந்தைய பதிவுகள் காட்டின. இந்த வேறுபாடு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்ததால், 518 பேரை இரண்டாகப் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2020-இல் வந்த முடிவு கொஞ்சம் அடக்கமானது: அறிவுத்திறன் சரியும் ஆபத்து 26 சதவீதம் குறைந்தது. ஆறு மாதக் கணக்கில் 68.2 சதவீதத்துக்குப் பதில் 59.5. அதிசயம் ஒன்றும் இல்லை, ஆனால் நோய்க் கட்டுப்பாட்டில் எதையும் இழக்காமல் கிடைத்த லாபம். முழு மூளைக் கதிர்வீச்சு தவிர்க்க முடியாது, ஆயுளும் சில மாதமாவது எதிர்பார்க்கலாம் என்ற நிலையில், இதைக் கேட்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். திட்டமிடச் சில நாள் கூடுதலாகும். ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்திலேயே கட்டி இருந்தாலோ மூளை உறையில் நோய் இருந்தாலோ இது பொருந்தாது.

மெமண்டின் மாத்திரை பயன் தருமா?

அல்சைமர் நோய்க்கு வந்த மருந்து இது. முழு மூளைக் கதிர்வீச்சு தொடங்கும்போதே ஆரம்பித்து, ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமிலிருந்து வாரா வாரம் கூட்டி 20 வரை கொண்டுபோய், மொத்தம் 24 வாரம் கொடுப்பார்கள். 2013-இல் வெளியான ஆய்வில் 24 வாரத்தில் அறிவுத்திறன் சரிவு வெற்று மாத்திரைக் குழுவில் 64.9 சதவீதம், மெமண்டின் குழுவில் 53.8 சதவீதம். ஆய்வின் முதன்மை இலக்கைப் புள்ளியியல்படி அது மயிரிழையில் தவறவிட்டது. கடைசி வரை தேர்வு எழுத வந்தவர்கள் குறைவு. ஆனாலும் பக்கவிளைவு அதிகம் இல்லாத மாத்திரை என்பதால் வழக்கத்துக்கு வந்துவிட்டது. மேலே சொன்ன 518 பேரில் இரு குழுவுக்குமே மெமண்டின் கொடுத்தார்கள். தலைசுற்றல், மலச்சிக்கல் வரலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள்.

பாதிப்பு எப்போது தெரியும்? திரும்பச் சரியாகுமா?

முதல் சில வாரங்களில் வருவது அசதி, தலைவலி, குமட்டல். இது போய்விடும்.

ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை சிலர் ஓயாமல் தூங்குவார்கள், எதிலும் மனம் ஒட்டாது. குடும்பம் பயந்துபோவது இந்தக் கட்டத்தில்தான், ஆனால் இதிலும் பலர் மெல்ல மீள்கிறார்கள். நினைவுத் தேர்வில் இறக்கம் தெளிவாகத் தெரிவதும் இதே நான்காவது மாத வாக்கில்.

ஆறு மாதம் தாண்டி வருவது வேறு ரகம். மூளையின் வெள்ளைப் பகுதியும் சிறு ரத்தக்குழாய்களும் மெதுவாகச் சிதைவதால் வருவது, திரும்புவதும் அரிது. மிகச் சிலருக்கு நடை தடுமாறி, சிறுநீர் கட்டுப்பாடு போய், மூளைத்தேய்வு மாதிரி ஆகிவிடும். 1989-இல் இதை விவரித்த மருத்துவர்கள், ஒவ்வொரு நாளும் கொடுத்த அளவு பெரிதாக இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். நடை, சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; குழாய் வைத்து வடித்தால் சிலருக்குப் பலன் கிடைக்கும்.

ரேடியோசர்ஜரியில் ஆபத்தே இல்லையா?

உண்டு. குறிவைத்த இடத்தின் திசு செத்து வீங்குவதை நெக்ரோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் வரும். ஸ்கேனில் கட்டி திரும்பி வந்தது போலவே இருக்கும், கைதேர்ந்த டாக்டர்களே குழம்புவார்கள். ஸ்டீராய்டு, பெவாசிசுமாப் என்ற மருந்து, சில நேரம் அறுவை என்று வழிகள் இருக்கின்றன. "மறுபடி வந்துவிட்டது" என்று ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

கதிர்வீச்சே வேண்டாம் என்று இருக்கலாமா?

இரண்டு நிலைகளில் இது நியாயமான கேள்வி. ஒன்று, மூளைக்குள் நன்றாகச் செல்லும் இலக்கு மருந்து கிடைக்கும்போது. இலக்கு மருந்து என்பது புற்றுச் செல்லில் உள்ள குறிப்பிட்ட மாற்றத்தை மட்டும் தாக்குவது: நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஓசிமெர்டினிப், ஏ.எல்.கே என்ற மரபணுவில் இருந்தால் அலெக்டினிப், லோர்லாடினிப், மார்பகப் புற்றில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகைக்கு டுகாடினிப். அறிகுறி இல்லாத சின்னக் கட்டிகள் என்றால் மருந்தைத் தொடங்கிவிட்டு ஸ்கேனில் கண்காணிப்பது உண்டு. (லோர்லாடினிப்பே மறதியையும் மனநிலை மாற்றத்தையும் தரலாம் என்பது வேடிக்கையான சிக்கல்.)

மற்றது, உடல் மிகவும் தளர்ந்துவிட்டபோது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அறுவைக்கோ ரேடியோசர்ஜரிக்கோ ஏற்ற நிலையில் இல்லாத 538 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், முழு மூளைக் கதிர்வீச்சு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 9.2 வாரம். ஸ்டீராய்டும் ஆதரவுப் பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களுக்கு 8.5 வாரம். மிச்சமிருப்பது சில வாரங்கள் என்றால், அதில் இரண்டு வாரத்தை ஆஸ்பத்திரிக்கு அலைவதில் கழிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் நேராகவே கேட்கலாம்.

அப்பா பேசுவதே இல்லை, நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். மனம் உடைந்துவிட்டாரா?

இருக்கலாம், மனச்சோர்வுக்குப் பார்க்கவும் வேண்டும். ஆனால் மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் வேறொன்று நடக்கும்: வருத்தமே இருக்காது, ஒன்றைத் தொடங்கும் உந்துதல்தான் காணாமல் போயிருக்கும். குளிக்கச் சொன்னால் சரி என்பார், எழுந்திருக்க மாட்டார். பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை பிடித்தால் இரண்டு பேருக்கும் நோவுதான் மிச்சம். துண்டைக் கையில் கொடுத்து, "வாங்க, போகலாம்" என்று கூடவே நடந்தால் வந்துவிடுவார். முதல் அடியை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் மீதியை அவரே செய்வார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு. யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கையாலேயே அதில் எழுதட்டும். கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி. கண்ணாடி, சாவி, போனுக்கு மாறாத இடம். டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுவது. "ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "நேற்று அக்கா வந்தாங்களே" என்று நீங்களே சொல்லிவிடுங்கள், கூச்சம் மிச்சமாகும். நடைப்பயிற்சியும் ராத்திரித் தூக்கமும் எந்த மாத்திரைக்கும் குறைந்தவை இல்லை.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது: டொனிபெசில் என்ற மருந்தை, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கடந்த 198 பேரிடம் சோதித்தார்கள். ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை, நினைவு போன்ற சிலவற்றில் மட்டும் சிறு முன்னேற்றம். கேட்டுப் பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வண்டி ஓட்டுவது டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான், வலிப்பு வந்திருந்தால் நிச்சயமாக. பணம், சொத்து, கையெழுத்து விஷயங்களைச் சிகிச்சைக்கு முன்பே, அவர் தெளிவாக இருக்கும்போதே பேசி முடியுங்கள்.

எதற்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

வலிப்பு, திடீர்க் குழப்பம், விழித்தெழும்போதே வாந்தியோடு வரும் கடுமையான தலைவலி, ஒரு பக்கக் கை கால் விழுவது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம். கதிர்வீச்சால் வரும் மறதி படிப்படியாக வருவது, ஒரே நாளில் ஆள் மாறினால் காரணம் வேறு. ஸ்டீராய்டை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதையெல்லாம் நோயாளியிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். மறதி வந்தால் முதலில் கவனிப்பது அவர்தான். சொல்லாமல் விட்டால் தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று தனியாகப் பயந்து, அதை மறைக்கவும் பார்ப்பார். மறைத்தால் தேர்வும் இல்லை, மருந்தும் இல்லை. ஹிப்போகாம்பஸ், சதவீதம் எதுவும் வேண்டாம். "இந்த சிகிச்சையில் கொஞ்சம் மறதி வரலாமாம், வந்தால் சொல்லுங்க, நோட்டில் எழுதி வைத்துக்கலாம்" என்றால் போதும். எத்தனை மாதம் ஸ்கேன் ஸ்கேனாக அலையத் தயார், எதை இழந்தால் தாங்கும், எதைத் தாங்காது என்று அவரிடமே கேளுங்கள். முழு மூளையா, குறிவைத்தா என்று டாக்டர் கேட்கும் நாளில் அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.